அடாரி எஸ்டிக்கு வெளி பிளாப்பி டிரைவ்: பழைய பிசி டிரைவை வைத்து நீங்களே பெட்டி கட்டலாம்

1985இல் வந்த அடாரி 520 எஸ்டி என்ற வீட்டுக் கணினிக்குள் பிளாப்பி டிரைவே கிடையாது. எஸ்எஃப் 354, எஸ்எஃப் 314 என்று தனிப் பெட்டிகளாக விற்றார்கள். பிறகு வந்த எஸ்டிஎஃப்எம் மாடலில் ஒரு டிரைவ் உள்ளேயே இருக்கும். இரண்டாவது, அதாவது பி டிரைவ், வேண்டுமென்றால் பின்புறமுள்ள 14 பின் டின் (DIN எனும் வட்ட வடிவ) சாக்கெட்டில் மாட்ட வேண்டும். அதற்குப் பிசியில் கழற்றிய 3.5 அங்குல டிரைவே போதும். பெட்டி செய்வது எளிது. வயரில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதனால் வயர் முதலில், பெட்டி கடைசியில்.

தேவையானவை: 5 வோல்ட்டில் மட்டும் ஓடும் டிரைவ் (லேபிளைப் பாருங்கள்), 14 பின் டின் பிளக், 34 பின் ரிப்பன் கனெக்டர், அரை மீட்டருக்குள் கேபிள், 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், அதற்கேற்ற சாக்கெட், டிரைவுக்கான 4 பின் பவர் கனெக்டர், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், எம்3 அளவில் 5 மி.மீ. ஸ்க்ரூ நான்கு. டின் பிளக் கிடைப்பதுதான் கஷ்டம். அதை வாங்கிய பிறகே மற்றவற்றுக்குச் செலவு செய்யுங்கள்.

படி 1: சிக்னல் வயர்கள்
இடப்பக்கம் டின் பின், வலப்பக்கம் டிரைவ் பின்.

1 – 30 (ரீட் டேட்டா)
2 – 32 (சைடு)
4 – 8 (இண்டெக்ஸ்)
6 – 12 (டிரைவ் செலக்ட்)
8 – 16 (மோட்டார்)
9 – 18 (டைரக்‌ஷன்)
10 – 20 (ஸ்டெப்)
11 – 22 (ரைட் டேட்டா)
12 – 24 (ரைட் கேட்)
13 – 26 (டிராக் 0)
14 – 28 (ரைட் புரொடெக்ட்)

டின் 3, 7 இரண்டும் கிரவுண்ட். டிரைவின் ஒற்றைப்படை பின்களில் சேருங்கள். டின் 5 உள் டிரைவுக்கானது, தொட வேண்டாம். டிரைவின் 2, 34 சும்மா இருக்கட்டும்.

செலக்ட் ஏன் 10க்குப் போகாமல் 12க்குப் போகிறது? பிசி டிரைவ்கள் எல்லாமே அநேகமாக ‘டிரைவ் செலக்ட் 1’ (12ஆம் பின்) என்றே அமைக்கப்பட்டு வருகின்றன. 10இல் வைத்தால் விளக்கே எரியாது.

டின் பிளக்கை சால்டர் பக்கத்திலிருந்து பார்த்தால் பின் வரிசை இடவலம் மாறித் தெரியும். பிளாஸ்டிக்கில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து வையுங்கள். முடித்ததும் ஒவ்வொரு இணைப்பையும், பக்கத்துப் பின்னோடு ஷார்ட் இல்லையா என்பதையும் மல்டிமீட்டரில் சோதியுங்கள்.

படி 2: பவர்
டின் சாக்கெட்டில் பவர் வராது. 4 பின் கனெக்டரில் சிவப்பு 5 வோல்ட், நடுவிலுள்ள இரு கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் 12 வோல்ட், மஞ்சளை வெட்டிவிடலாம். கெப்பாசிட்டரை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே, டிரைவின் அருகில் வையுங்கள். மோட்டார் கிளம்பும் நேரத்து இழுப்பை அது தாங்கும். டிரைவில் மாட்டுவதற்கு முன் கனெக்டரில் வோல்ட்டேஜ் அளந்தே ஆக வேண்டும்.

படி 3: பெட்டிக்கு வெளியே சோதனை
எஸ்டியை அணைத்துவிட்டுக் கேபிளை மாட்டுங்கள். முதலில் டிரைவுக்குப் பவர், பிறகு எஸ்டி. எத்தனை டிரைவ் உண்டு என்பதை எஸ்டி தொடங்கும்போதே எண்ணிக்கொள்கிறது. வரிசை மாறினால் பி ஐகானைத் திறக்கும்போது பிளாப்பியை மாற்றச் சொல்லும்.

முதல் தடவை பிளாப்பி போடாமல் பாருங்கள். விளக்கு அணையாமல் எரிந்து மோட்டாரும் சுற்றினால் ரிப்பன் தலைகீழாக இருக்கிறது. அந்த நிலையில் பிளாப்பி போட்டால் அதிலுள்ளது அழியலாம்.

சரியானதும் 720 கேபி டிடி (இரட்டை அடர்த்தி) பிளாப்பி போட்டு ஃபார்மட் செய்யுங்கள். எச்டி (உயர் அடர்த்தி) பிளாப்பியின் துளையை டேப்பால் மூடி ஓட்டுவது வழக்கம்தான், ஆனால் காந்தப் பூச்சு வேறு. முக்கியமான ஃபைல்களை அதில் வைக்காதீர்கள்.

படி 4: பெட்டி
டிரைவ் 101.6 மி.மீ. அகலம், 25.4 மி.மீ. உயரம். உள்ளே 110 அகலம், 40 உயரம், 200 ஆழம் இருந்தால் கேபிள் மடங்காது. முன்பக்கத்தில் 102க்கு 26 துளை வெட்டி, அரத்தால் சீராக்குங்கள். எஜெக்ட் பொத்தான் ஓரத்தில் உரசினால் பிளாப்பி பாதியில் சிக்கும்.

அலுமினியப் பெட்டி நல்லது; பழைய டியூப் மானிட்டரின் மின் இரைச்சலைத் தடுக்கும். ஆனால் பல டிரைவ்களில் அடிப்பக்கம் சர்க்யூட் போர்டு திறந்தே இருக்கும், அதனால் கீழே தடித்த பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். ஸ்க்ரூ 5 மி.மீட்டருக்கு மேல் நீண்டால் உள் இயக்கத்தில் முட்டும். கேபிள் வெளியேறும் துளைக்கு ரப்பர் வளையம் போட்டு, உட்புறம் ஒரு கேபிள் டை கட்டுங்கள். யாராவது இழுத்தாலும் சால்டர் விடாது.