இசட் டிரைவ் வரவில்லையா? கமாண்ட் கொடுத்து இணையுங்கள்

மண்ணடி, லிங்கி செட்டி தெரு பக்கம் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஸ்கேன் ஆகி, எல்லாரும் நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஒரு நாஸ் (ஸ்டோரேஜ்) பெட்டிக்குப் போய்விடும். எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் அது இசட் டிரைவாகத் தெரியும். கன்டெய்னர் எடுக்க வேண்டிய நாளில் அது காணாமல் போனால் போன் வரும்.

"அண்ணே, இசட்ல சிவப்பா எக்ஸ் போட்டிருக்கு."

"கமாண்ட் அடிச்சியா தம்பி? என்ன நம்பர் வருது?"

எல்லாரையும் கமாண்ட் பழகச் சொல்வது இதனால்தான். சிவப்பு எக்ஸைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கமாண்ட் கொடுத்தால் எங்கே சிக்கல் என்று எர்ரர் நம்பரே சொல்லிவிடும்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைச் சாதாரணமாகத் திறங்கள். 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' வேண்டாம். அட்மின் உரிமையோடு ஓடுவதை விண்டோஸ் தனி லாகின் போல வைத்துக்கொள்வதால், அங்கே இணைத்த டிரைவ் எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. வெற்றி என்று செய்தி வந்தும் டிரைவைக் காணோம் என்றால் பெரும்பாலும் இதுதான்.

முதலில் பாஸ்வேர்டைச் சேமிக்க வேண்டும். போனில் சொல்வது போலவே சொல்கிறேன், ஆங்கிலத்தில் அடியுங்கள். சிஎம்டிகீ, ஸ்பேஸ், ஸ்லாஷ் ஆட், கோலன், நாஸின் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி), உதாரணமாக 192.168.1.20. அப்புறம் ஸ்பேஸ், ஸ்லாஷ் யூசர், கோலன், நாஸின் பெயர், பேக்ஸ்லாஷ், உங்கள் யூசர்நேம். கடைசியில் ஸ்பேஸ், ஸ்லாஷ் பாஸ், என்டர். பாஸ்வேர்டை அதே வரியில் எழுதாதீர்கள். அந்த விண்டோவை மூடும்வரை, மேல் அம்புக்குறியைத் தட்டும் யாருக்கும் அது தெரியும். கமாண்டே கேட்கும், அப்போது அடியுங்கள். அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம்.

அடுத்து இணைப்பு. நெட், ஸ்பேஸ், யூஸ், ஸ்பேஸ், இசட், கோலன், ஸ்பேஸ், இரண்டு பேக்ஸ்லாஷ், ஐபி, ஒரு பேக்ஸ்லாஷ், ஷேர் பெயர் (நாஸில் பகிர்ந்திருக்கும் ஃபோல்டரின் பெயர்), ஸ்பேஸ், ஸ்லாஷ் பெர்சிஸ்டன்ட், கோலன், யெஸ் (ஒய், இ, எஸ் என்று மூன்று எழுத்து). ஷேர் பெயரில் இடைவெளி இருந்தால் இரண்டு பேக்ஸ்லாஷிலிருந்து ஷேர் பெயர்வரை முழுதையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். பாஸ்வேர்டை ஐபிக்குச் சேமித்திருந்தால் இங்கேயும் ஐபியே கொடுக்க வேண்டும். நாஸின் பெயரைக் கொடுத்தால் விண்டோஸ் அதை வேறு இடமாக நினைத்து மறுபடி பாஸ்வேர்டு கேட்கும்.

இனி எர்ரர் நம்பர்கள். நாஸை ஒரு கட்டடம், ஷேரை அதற்குள் இருக்கும் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 53 வந்தால் கட்டடமே கிடைக்கவில்லை. 67 வந்தால் கட்டடம் சரி, அந்தப் பெயரில் உள்ளே ஆபீஸ் இல்லை. 67க்கு ஷேர் பெயரின் எழுத்தைச் சரிபார்த்தால் போதும். 53க்கு முதலில் நாஸின் ஐபி மாறிவிட்டதா பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் புது ஐபி கொடுத்திருக்கலாம். ரவுட்டர் செட்டிங்கில் நாஸுக்கு ஒரே ஐபியை ஒதுக்கி வைத்தால் அந்தத் தொல்லை தீரும்.

86 அல்லது 1326 என்றால் யூசர்நேம், பாஸ்வேர்டு தகராறு. 1219 வந்தால், அதே நாஸில் வேறு யூசர்நேமில் ஏற்கெனவே நுழைந்திருக்கிறீர்கள். நெட் யூஸ், ஸ்பேஸ், நட்சத்திரக் குறி, ஸ்பேஸ், ஸ்லாஷ் டெலீட் கொடுத்துவிட்டு மறுபடி இணையுங்கள். இது எல்லா நெட்வொர்க் டிரைவையும் துண்டிக்கும், அதனால் திறந்திருக்கும் ஃபைல்களை முதலில் சேவ் செய்துவிடுங்கள்.

பழைய நாஸ் என்றால், எஸ்எம்பி 1-ஐ (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறையின் பழைய வெர்ஷன்) ஆன் செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். நாஸின் செட்டிங்கில் எஸ்எம்பி 2 அல்லது 3 இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் புதுப் பெட்டி வாங்க முதலாளியிடம் பேசுங்கள்.