பைக் செயின் தொய்வைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

காட்பாடிக்கும் சத்துவாச்சாரிக்கும் இடையே நாள்தோறும் வண்டியில் போய்வருபவர்களுக்குப் பாலாற்றுப் பக்கத்துப் புழுதியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்தப் புழுதி செயினில் இட்ட எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும் பசையாகி, கண்ணிகளை இணைக்கும் பின்களையும் (சிறு ஊசிகள்) அவற்றைச் சுற்றியுள்ள புஷ்களையும் (சிறு குழல்கள்) தேய்ப்பதால் செயின் சிறிது சிறிதாக நீண்டு தொங்குகிறது. அளவுக்கு மீறித் தொங்கும் செயின் ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பற்சக்கரம்) விட்டுக் கழன்று, ஓட்டத்திலேயே பின்சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும். இருப்பினும், புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் தவறுவது செயினை மிகையாக இறுக்குவதில்தான்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப் போகிறோம் என்று ஒருமுறை நானே செயினை விறைப்பாக இறுக்கிவிட்டேன். பின்னால் ஒருவர் அமர்ந்து பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலெழுகிறது; முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் அசையும் அச்சு, பின்சக்கரத்தின் நடுத்தண்டான ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும் நொடியில் செயின் மிக அதிகமாக இழுபடும். அந்த நொடிக்காக விட்டுவைக்கும் இடம்தான் தொய்வு. அதை நான் விடாததால், திரும்பி வருவதற்குள் கியர் பாக்ஸ் பக்கம் ஊளைச் சத்தம் கேட்டது. பேரிங் மாற்ற வேண்டியதாயிற்று.

முதலில் அளந்து பார்ப்போம். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, வண்டியை நியூட்ரலில் வைத்துச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். உங்கள் வண்டியின் கையேடு சைடு ஸ்டாண்டில் அளக்கச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது செயின் அருகே கையைக் கொண்டுபோகவே கூடாது, விரல் துண்டாகிவிடும். செயின் முழுவதும் கவரால் மூடியிருந்தால், கவரில் உள்ள ரப்பர் மூடியைப் பிடுங்கி, அந்தத் துளை வழியே விரலால் தொட்டுப் பாருங்கள். திறந்த செயின் என்றால், இரு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் நடுவே கீழ்ச் செயினையொட்டி ஸ்கேலை நிறுத்தி, செயினை ஒருமுறை கீழே அழுத்தியும் ஒருமுறை மேலே தூக்கியும் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தொய்வு. 100 முதல் 150 சிசி வரையிலான வண்டிகள் பலவற்றுக்கு இது ஏறத்தாழ 20 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றி நான்கைந்து இடங்களில் அளந்தால், ஓரிடத்தில் செயின் மற்ற இடங்களைவிட விறைத்து நிற்பது விரலுக்கே தெரியும். அந்த நிலையில் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அங்கேயே தொய்வைச் சரிசெய்யுங்கள். தளர்ந்த இடத்தை வைத்து இறுக்கினால் விறைத்த இடம் நாண் போல் ஆகிவிடும். விறைத்த இடத்துக்கும் தளர்ந்த இடத்துக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால், செயினையும் இரு ஸ்பிராக்கெட்டுகளையும் செட்டாகவே மாற்ற வேண்டும்.

இனிச் சரிசெய்வோம். ஆக்சில் நட்டில், அது கழலாமல் இருக்கக் காட்டர் பின் (வளைக்கும் கம்பி) செருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு நட்டைத் தளர்த்துங்கள். சில வண்டிகளில் செயின் பக்கம் உள்ள ஸ்லீவ் நட்டையும் தளர்த்த வேண்டும். சக்கரத்தைப் பின்னே நகர்த்தும் இரு பக்க அட்ஜஸ்டர் நட்டுகளையும் கால் சுற்று, கால் சுற்றாக, இரண்டையும் ஒரே அளவில் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இல்லையெனில் சக்கரம் சாய்ந்து ஸ்பிராக்கெட் ஒருபக்கமாகத் தேயும். தவறி இறுகிவிட்டால், அட்ஜஸ்டரைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளி, மறுபடி தொடங்குங்கள்.

கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு ஆக்சில் நட்டை முறுக்கியபின் தொய்வை இன்னொருமுறை அளந்து பாருங்கள், முறுக்கும்போது அது மாறிவிடுவதுண்டு. எடுத்த காட்டர் பின்னுக்குப் பதில் புதுக் காட்டர் பின் செருகுங்கள். டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பிரேக் ராடு இழுபட்டிருக்கும். சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா, பெடலுக்குப் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, பிரேக் நட்டைத் திருப்பிச் சரிசெய்த பிறகே வண்டியைத் தெருவில் இறக்குங்கள்.