ஆறு மாத லீவு எடுப்பது எப்படி? முதல்முறை எடுப்பவர்களுக்கு

2025 ஜூன் முதல் நவம்பர் வரை நான் வேலைக்குப் போகவில்லை. கம்பெனி துரத்தவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. பதினான்கு வருஷம் சென்னை ஓஎம்ஆரில், ஐடி கம்பெனிகள் இருக்கும் அந்த ரோட்டில், ஓடிய களைப்புதான். எங்கள் பக்கம் ஐடிக்காரர்கள் இதை சபாட்டிகல் என்பார்கள். பைபிளில், லேவியராகமம் 25-ல், ஆறு வருஷம் விதைத்த நிலத்தை ஏழாம் வருஷம் சும்மா விடச் சொல்லியிருக்கிறது. இந்தச் சொல்லுக்கு வேர் அந்த ஓய்வில்தான் இருக்கிறது. தென்காசிப் பக்கத்து ஆளுக்குச் சொல்வதென்றால், தரிசு போடுவது.

எப்படி எடுத்தாய் என்று அலுவலகத்தில் ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள். ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது தனியார் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும். அரசு ஊழியர்களின் விடுப்பு விதிகள் தனி.

படி 1: லீவா, ராஜினாமாவா?

தனியாரில் ஓய்வுக்கென்று இப்படி நீண்ட லீவு தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் கிடையாது. எல்லாம் கம்பெனி பாலிசிதான். எச்ஆர் போர்ட்டலில் தேடிப் பாருங்கள். பல இடங்களில் 'இத்தனை வருஷ சர்வீஸ் இருந்தால் சம்பளமில்லாமல் இத்தனை மாதம்' என்று ஒரு மூலையில் இருக்கும். அப்படி இருந்தால் லீவே எடுங்கள். இல்லாவிட்டால்தான் ராஜினாமா. அதற்கு முன் இரண்டு கணக்கு பார்க்கவேண்டும். பணியில் ஐந்து வருஷம் முடிக்காமல் விலகினால் விலகும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) வழக்கமாகக் கிடைக்காது. பிஎஃப் பணத்தையும் ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் வரி உண்டு. எடுக்காமல் விட்டுவைப்பது உத்தமம்.

படி 2: பணம்

கடைசி ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். மாதச் செலவு எல்லோருக்கும் தெரியும், இடையில் வருகிற மொத்தச் செலவுதான் கழுத்தைப் பிடிக்கும். ஸ்கூல் ஃபீஸ், வண்டி இன்சூரன்ஸ், அரையாண்டுக்கு ஒருமுறை வரும் சொத்துவரி, தீபாவளி என்று ஒரு பட்டியல் போடுங்கள். பகலில் வீட்டில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பகலிலும் ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும்.

என் கணக்கு இப்படி இருந்தது: ஆறு மாதச் செலவு, ஆறு மாத இஎம்ஐ, திரும்பி வந்தபின் முதல் சம்பளம் வரும்வரை ஒன்றரை மாதச் செலவு, அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்கென்று தொடக்கூடாத ஒரு தொகை. மனைவி டீச்சர். அவள் சம்பளத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அவள் தலையில் அல்லவா என் லீவு உட்கார்ந்திருக்கும்?

படி 3: எந்த மாதம்?

இது யாரும் எனக்குச் சொல்லாதது. புதிய வரிமுறையில் 2025-26 முதல், சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம் வரை வரி இல்லை. உங்கள் சம்பளம் வருஷம் 15 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை லீவு எடுத்தால் அந்த வருஷ வருமானம் 7.5 லட்சம், வரி கிடையாது. அடுத்த வருஷம் முழுச் சம்பளம், வரி 97,500. அதே ஆறு மாதத்தை ஜனவரி முதல் ஜூன் வரை எடுத்தால் இரண்டு நிதியாண்டிலும் தலா 11.25 லட்சம்தான். இரண்டிலுமே வரி இல்லை. சம்பளம் 20 லட்சத்துக்குப் போய்விட்டால் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

நான் குற்றாலச் சாரல் சீசனுக்கு ஆசைப்பட்டு ஜூனில் எடுத்தேன். ஐந்தருவியில் நின்ற குளியலுக்கு அது தகும் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

படி 4: இன்சூரன்ஸ்

இங்கேதான் நான் சறுக்கினேன். லீவில் இருந்தாலும் கம்பெனி ஆள்தானே, கம்பெனி எல்லோருக்கும் சேர்த்து எடுத்திருக்கும் குரூப் பாலிசி ஓடும் என்று நினைத்தேன். எனக்கு ஓடியது. அப்பா அம்மாவுக்கான பிரீமியம் மட்டும் மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பது, சம்பளம் இல்லாததால் பிடிக்கவில்லை. ஆகஸ்டில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கவுன்டரில் இருந்த பெண் கார்டு நம்பரை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுல உங்க அப்பா பேர் காட்டலையே" என்றாள். அப்பா பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொடக்கூடாத தொகையைத் தொட்டேன்.

அதனால் லீவு தொடங்க மூன்று மாதம் இருக்கும்போதே சொந்தமாக ஒரு பாலிசி எடுங்கள். புது பாலிசியில் முதல் 30 நாள் விபத்து தவிர வேறெதற்கும் பணம் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்பு மூன்று வருஷம் வரை போகலாம். குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறமுடிந்தால், காத்த காலம் கணக்கில் வருமா என்று வேலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பெற்றோர் பிரீமியம் எப்படிக் கட்டுவது என்பதற்கு எச்ஆரிடமிருந்து மெயிலில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

படி 5: கேட்பது

அப்ரைசல் முடிந்த பிறகு, சாஃப்ட்வேர் ரிலீஸ் இல்லாத வாரமாகப் பார்த்து, மேனேஜரிடம் நேரில் கேளுங்கள். "ரொம்ப டயர்டா இருக்கு" என்று ஆரம்பித்தால், "ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு வாங்களேன்" என்பார். தேதியோடு போங்கள்: இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை, என் வேலையை இன்னின்னார் பார்ப்பார்கள், கேடி, அதாவது வேலையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, இந்தத் தேதியில் முடியும். திரும்பி வரும்போது அதே டீம் கிடைக்குமா, பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்காரவேண்டுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். என் மேனேஜர் யோசிக்கிறேன் என்று சொல்லி பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டார்.

படி 6: முதல் மாதம்

ஒன்றும் செய்யாதீர்கள். படிகளிலேயே கஷ்டமானது இதுதான்.

லீவு கிடைத்ததும் நான் போட்ட பட்டியலில் இந்தி கற்பது, தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், ஊர் வீட்டுக்குப் பெயின்ட் என்று பதினோரு சமாச்சாரம் இருந்தது. எக்செல் ஷீட் வேறு. பொதிகை எக்ஸ்பிரஸில் இறங்கி வீட்டுக்குப் போனவன், முதல் பத்து நாள் தூங்கினேன். பதினோராம் நாள் ஷீட்டைத் திறந்தால் எல்லாக் கட்டமும் சிவப்பு. ஆபீஸில் பிராஜெக்ட் தள்ளிப்போனால் நெஞ்சில் ஏறும் அதே கனம் ஏறியது. லீவையும் ஒரு பிராஜெக்ட் ஆக்கிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஷீட்டை அழித்தேன். காலை ஒன்பதரைக்கு ஸ்டாண்டப் கால் என்கிற டீம் மீட்டிங்குக்காகக் கை தானாக போனைத் தேடும் பழக்கம் நிற்க மட்டும் ஐந்து வாரம் ஆனது.

சொந்தக்காரர்களுக்கு ஒரே வரியில் பதில் தயாராக இருக்கட்டும். மாமா வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே, "என்ன மாப்ள, ஐடில ஆளக் கொறைக்காவளாம்லா?" என்றார். "லீவு மாமா, டிசம்பர்ல போயிருவேன்." அடுத்த வாரமும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். விளக்கம் சொல்லப் புகுந்தால் முடிவே இல்லை.

இரண்டாம் மாதத்துக்கு மேல் ஏதாவது செய்யத் தோன்றினால் செய்யுங்கள். நான் பெயின்ட் அடித்தேன், ஒரு ரூமுக்கு மட்டும்.

படி 7: திரும்புவது

சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மேனேஜருக்கும் எச்ஆருக்கும் மெயில் போடுங்கள். லாகின் கட்டாயம் லாக் ஆகியிருக்கும், அதைத் திறக்கவே ஒரு நாள் போகும். முதல் வாரம் நைட் சப்போர்ட் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனக்கு 4,000-க்கு மேல் மெயில் குவிந்திருந்தது. ஒன்றைக்கூடத் திறக்காமல் மொத்தத்தையும் ஆர்க்கைவில் தள்ளினேன். 'ஏன் பதில் இல்லை' என்று மறுபடி அனுப்பியவர்கள் இரண்டே பேர். அதில் ஒன்று கேன்டீன் பாக்கி.