மூன்று முறை திரும்பி வந்த மதில்

2022 செப்டம்பர் மழையில் எங்கள் குடியிருப்பின் பேஸ்மென்டில் இடுப்பளவு தண்ணீர். பெங்களூரு ராமமூர்த்தி நகர்ப் பக்கம் இருக்கிறோம். பின்னால் ராஜகால்வாயின், அதாவது நகரின் பெரிய மழைநீர் வடிகாலின், கிளை ஒன்று ஓடுகிறது. அதை ஒட்டி ஆறடி கான்கிரீட் மதில் எழுப்ப அனுமதி கேட்டோம். விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது.

நான்காவது முறை, காரணத்தை எழுத்தில் தரச் சொல்லி மனு கொடுத்தேன். பதிலில் ஒரே வரி: பஃபர் எல்லைக்குள் கட்டுமானம். கால்வாயை ஒட்டிக் கட்டுமானம் இல்லாமல் விட வேண்டிய இடம்தான் பஃபர்.

தவறு எங்களுடையதுதான். 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் அந்த எல்லைகளை மாற்றியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நகர வளர்ச்சிக்கான மாஸ்டர் பிளானின் அளவே நின்றது: முதல்நிலைக் கால்வாய்க்கு 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15. கால்வாயின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். எங்கள் பொறியாளர் இந்த இடைவெளியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை!

கிராம வரைபட நகல் வாங்கி, அரசு சர்வேயரை வைத்து அளந்தோம். எங்களுடையது மூன்றாம் நிலை. மதிலை 15 மீட்டருக்கு இப்பால் நகர்த்தினோம். கரையிலேயே கட்டியிருந்தால் வெள்ளம் எதிர்க்கரைத் தகரக் கூரை வீடுகளுக்குள் போயிருக்கும். அதை முதலிலேயே யோசிக்காதது இன்றும் உறுத்துகிறது.

தண்ணீர் பாதி வந்தது வடிகுழாய் வழியாகத்தான். அதில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு, வண்டி இறங்கும் சரிவில் கழற்றி மாட்டும் தடுப்புப் பலகை என்று வைத்தோம். புதிய வரைபடத்துக்கு அனுமதி கிடைத்தது. மழைக்கு முன் வால்வைத் திறந்து சேறு எடுப்பது இப்போது என் பொறுப்பு.