குரோம்பேட்டையிலிருந்து கிராமத்துக்குக் குடிபோகிறவர்களுக்கு

குரோம்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்தவன் நான். நீங்களும் வருவதாக இருந்தால் வீட்டைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு. அந்த 2000-இல் ஒரு டம்ளர் காபி போட்டுப் பாருங்கள், தெரியும்.

அப்புறம் பாம்பு. தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டாம். கட்டில் போட்டு, கொசுவலையை நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். கடித்தாலும் பல சமயம் வலி தெரியாது. கடிவாயைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், ஆளை நடக்க விடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்து பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று குடியேறும் முன்பே விசாரித்து வையுங்கள்.

ரேஷன் கார்டு முகவரியை இணையத்திலேயே மாற்றிவிடலாம், சுலபம். வாசல் கதவை மட்டும் பகலில் சாத்தாதீர்கள். சாத்தினால் “உடம்புக்கு என்ன?” என்று பக்கத்து வீட்டு அத்தை வந்துவிடுவார். தெருவில் நல்லது கெட்டது எது நடந்தாலும், அழைப்பு வராவிட்டாலும், போய்த் தலையைக் காட்டிவிடுங்கள்.