நீர்மூழ்கி மாலுமியின் உடைமைகளை ஆராய்வது எப்படி?

கடலடியில் கிடைத்த பொருள் யாருடையது என்று எப்படிச் சொல்வது? ஹெச்.எல்.ஹன்லி நீர்மூழ்கியை வைத்தே பார்ப்போம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 பிப்ரவரி 17 இரவு, சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே வடக்குப் படையின் ஹௌசடானிக் கப்பலை மூழ்கடித்த தென்படை நீர்மூழ்கி அது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் திரும்பவில்லை. 2000 ஆகஸ்டில் அதை மேலே தூக்கினார்கள்.

படி 1: எடுப்பதற்கு முன் இடத்தைக் குறியுங்கள். ஹன்லியில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து நீர்மூழ்கியை ஓட்டும் தண்டைக் கையால் சுற்றினார்கள். தலைவர் ஜார்ஜ் டிக்ஸன் முன்னால் இருந்தார். எலும்புகள் பெரும்பாலும் அவரவர் இடத்திலேயே வண்டலில் கிடந்தன. எந்தப் பொத்தான் யார் பக்கத்தில் கிடந்தது என்பதைத் தவறவிட்டால் அப்புறம் அதை மீட்கவே முடியாது.

படி 2: ஈரத்திலேயே வையுங்கள். உப்பு ஊறிய இரும்பு காய்ந்தால் வெடித்து உதிரும், தோல் சுருங்கும். தங்கத்துக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

படி 3: பொறித்திருக்கும் பெயரைப் பார்த்து ஆளை முடிவு செய்யாதீர்கள். ஒரு மண்டையோட்டின் அருகே எஸ்ரா சேம்பர்லின் என்ற வடக்குப் படை வீரரின் அடையாளத் தகடு கிடைத்தது. உளவாளியோ என்று உடனே கதை கிளம்பியது. சேம்பர்லின் 1863-லேயே சார்ல்ஸ்டன் அருகே நடந்த சண்டையில் இறந்துவிட்டார். அந்த எலும்புகள் ஜோசப் ரிட்ஜவே என்ற மாலுமியுடையவை என்று பிறகு தெரிந்தது. போர்க்களத்தில் தகடு கைமாறியிருக்கலாம்.

படி 4: பொருளை உடலோடு ஒப்பிடுங்கள். எனக்குப் பிடித்த படி இதுதான். அதே உள்நாட்டுப் போரின் ஷைலோ சண்டையில் டிக்ஸனின் கால்சட்டைப் பையில் இருந்த 20 டாலர் தங்க நாணயம் குண்டைத் தடுத்தது என்றும், அதைக் கொடுத்தவள் அவரது காதலி என்றும் ஊரில் பேச்சு. 2001-ல் நாணயம் கிடைத்தது: வளைந்து, பின்புறம் தேய்த்து, 'ஷைலோ, ஏப்ரல் 6, 1862, என் உயிர் காத்தது, ஜி.ஈ.டி.' என்று பொறித்திருந்தது. ஜி.ஈ.டி. என்பது டிக்ஸனின் பெயர் எழுத்துகள். அவரது தொடை எலும்பிலும் குண்டடித் தழும்பு இருந்தது. சரி, குண்டடி உண்மை. காதலியைப் பற்றி நாணயத்தில் ஒரு சொல்கூட இல்லை. அதை 'செவிவழிச் செய்தி' என்று தனியாக எழுதுங்கள்.

படி 5: பொருளின் விவர அட்டையில் கண்டதை மட்டும் எழுதுங்கள். டிக்ஸனின் தங்கக் கடிகாரம் 8:23 காட்டியது. தாக்குதல் நடந்ததோ சுமார் 8:45-க்கு. தண்ணீர் நிறுத்தியதா, சாவி தீர்ந்து நின்றதா? 'முட்கள் 8:23' என்பதோடு அட்டையை முடியுங்கள்.