மாஸ்டடானில் "ஓட்டை! ஓட்டை!" என்று கூவுவதற்கு முன்

2024 மார்ச் 29, புனித வெள்ளி. நம் ஊர் நேரத்துக்கு இரவு ஒன்பது மணி தாண்டியிருக்கும். எஸ்எஸ்ஹெச் (தொலைவில் உள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி இழுக்கிறதே என்று தோண்டப்போன போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், எக்ஸ்இசட் என்ற மென்பொருளுக்குள் யாரோ பின்கதவு (திருட்டுத்தனமாக நுழைய ஒளித்துவைத்த வழி) வைத்திருப்பதைக் கண்டுபிடித்து அறிவித்தார். ஃபைல்களைச் சுருக்குவதற்கான சாதுவான கருவி அது. கொஞ்ச நேரத்தில் ஃபெடிவர்ஸ் பற்றிக்கொண்டது; மாஸ்டடான் மாதிரி, தனித்தனி சர்வர்களில் ஓடி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளங்களின் கூட்டம் அது. "லினக்ஸ் முழுக்கப் பின்கதவு, சர்வரை உடனே அணையுங்கள்" என்று யாரோ போட்டதை நானும் யோசிக்காமல் பூஸ்ட் (மறுபகிர்வு) செய்தேன். டீமில் இருக்கும் தம்பி ஃபோன் செய்தான்: "அண்ணா, உங்க பூஸ்ட் பார்த்தேன். ப்ரொடக்ஷனை ஆஃப் பண்ணிட்டேன்."

நிஜப் பயன்பாட்டில் இருந்த அந்த சர்வரில் ஓடியது, டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவின் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் வடிவத்தின்) நிலையான பதிப்பான டெபியன் ஸ்டேபிள். அதில் இருந்த எக்ஸ்இசட் 5.4.1. பின்கதவு இருந்ததோ 5.6.0, 5.6.1 என்ற இரண்டே பதிப்புகளில். டெபியன் டெஸ்டிங், ஃபெடோரா ராஹைட், ஓபன்சூசே டம்பிள்வீட் மாதிரி, புதிய பதிப்பை முதல் ஆளாக வாங்கிக்கொள்ளும் டிஸ்ட்ரோக்களில்தான் அவை நுழைந்திருந்தன. ஆர்ச் லினக்ஸில் அதே பதிப்பு இருந்தும், அங்கே எஸ்எஸ்ஹெச் எக்ஸ்இசட்டின் நூலகத்தோடு (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்போடு) இணைக்கப்படவில்லை என்பதால் தாக்குதல் எடுபட வழியில்லை. இது எதுவும் நான் பூஸ்ட் செய்த பதிவில் கிடையாது. தம்பி செய்தது சரி. அவனுக்குக் கிடைத்த தகவலுக்கு அவ்வளவுதான் செய்ய முடியும்.

பாதுகாப்புச் செய்தி பகிரும் டெவலப்பர்கள் செய்யும் தவறுகளில் ஆகப் பெரியது இதுதான்: பெயரைச் சொல்லிவிட்டுப் பதிப்பு எண்ணை விட்டுவிடுவது. மாஸ்டடானில் ஒரு பதிவுக்கு வழக்கமாக 500 எழுத்து, ப்ளூஸ்கையில் 300. இடம் போதாமல் தொடர்பதிவு போடுகிறோம். முதல் பதிவில் அலறல், மூன்றாவதில் "இந்தப் பதிப்புக்கு மட்டும்தான்" என்ற விளக்கம். ஊர் சுற்றுவது முதல் பதிவு மட்டும். ஆகவே யாருக்குப் பாதிப்பு, யாருக்கு இல்லை என்பது முதல் பதிவிலேயே வந்தாக வேண்டும். அன்றிரவு நான் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு, சிவிஇ-2024-3094. டெபியன் ஸ்டேபிளில் இல்லை. டெபியன் டெஸ்டிங், ராஹைட், டம்பிள்வீட் வைத்திருப்பவர்கள் உங்கள் டிஸ்ட்ரோவின் அறிவிப்பைப் பார்த்து மாற்றுங்கள். மார்ச் 29, இரவு 11 மணி இந்திய நேர நிலவரம்."

சிவிஇ என்பது ஒரு ஓட்டைக்குத் தரப்படும் பொது அடையாள எண். கடைசி வரியை அலங்காரத்துக்குச் சேர்க்கவில்லை. இங்கே போட்ட பதிவு யாரோ ஒருவருடைய சர்வருக்கு மூன்று நாள் கழித்துப் போய்ச் சேரும். "இன்று காலை" என்று எழுதினால் எந்த ஊர்க் காலை, எந்த நாள் காலை?

2022 அக்டோபர் 25 அன்று, இணையத் தொடர்புகளைக் குறியாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் குழு, "நவம்பர் 1 அன்று ஒரு படுமோசமான ஓட்டைக்கான திருத்தம் வரும்" என்று முன்கூட்டியே சொன்னது. அந்த வாரம்தான் ட்விட்டர் கைமாறி, டெவலப்பர்கள் கூட்டம் கூட்டமாக மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். புது வீட்டில் முதல் பேச்சே இழவுச் செய்தி. நவம்பர் 1 வந்தது. ஓட்டையின் தீவிர மதிப்பீட்டை ஒரு படி குறைத்து, திருத்தப் பதிப்பான 3.0.7 வெளியானது. 1.1.1 பதிப்பில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றுமே இல்லை. முன்னறிவிப்பிலேயே 3.0 வரிசை என்று தெளிவாக இருந்தது. அதைப் படிக்காமல் பகிர்ந்தவர்கள்தான் ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தார்கள்.

தப்பாகப் போட்டுவிட்டோம் என்று தெரிந்ததும் கை முதலில் போவது டெலீட்டுக்கு. அது இரண்டாவது தவறு. நாம் அழித்தால் "அழித்துவிடு" என்ற செய்தி மற்ற சர்வர்களுக்குப் போகும், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் படுத்திருந்த சர்வருக்கு அது எட்டாமலே போகலாம்; எட்டினாலும் கேட்டு நடக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதைவிட முக்கியம், பதிவைப் பார்த்து நம்பியவர்களுக்கு அது தப்பு என்ற விஷயமே தெரியாமல் போகும். மாஸ்டடானில் எடிட் செய்தால், அதை பூஸ்ட் செய்தவர்களுக்கு "இந்தப் பதிவு திருத்தப்பட்டது" என்று நோட்டிஃபிகேஷன் போகிறது. எனவே திருத்துங்கள், முதல் வரியிலேயே "திருத்தம்" என்று போட்டுத் திருத்துங்கள். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நூலகத்தின் ஓட்டைகளுக்கு 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று ஒரே மாதத்தில் நான்கு திருத்தங்கள் வந்தன. "2.15-க்கு மாறுங்கள்" என்ற பதிவை அப்படியே விட்டுவைத்தவர்கள், நல்லது நினைத்தே ஆட்களைப் பள்ளத்தில் இறக்கினார்கள்.

ஸ்க்ரீன்ஷாட்டில் ஏபிஐ சாவி (ஒரு சேவைக்குள் உங்கள் பெயரில் நுழையும் ரகசியக் குறியீடு) தெரிந்துவிட்டதா? அப்போதும் டெலீட் பட்டனைத் தேடாதீர்கள். முதலில் சாவியை ரத்து செய்யுங்கள். படம் ஏற்கெனவே எத்தனை சர்வர்களின் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) உட்கார்ந்திருக்கிறது என்று உங்களால் எண்ண முடியாது.

இனி மாஸ்டடானின் "ப்ரைவேட் மென்ஷன்". பெயர் ஆளை ஏமாற்றுகிறது. அது சாட் இல்லை. யாருக்குத் தெரியலாம் என்று ஆள் குறித்து அனுப்பும் சாதாரணப் பதிவுதான். எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் கிடையாது. உங்கள் சர்வர் அட்மினும் எதிராளியின் சர்வர் அட்மினும் நினைத்தால் படிக்கலாம். இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. ஒரு நூலகத்தைப் பற்றி நண்பனிடம் தனியாகப் புலம்பும்போது, அதை எழுதியவரின் முகவரியை 'அட்' குறியோடு சேர்த்துத் தட்டிவிட்டேன். குறியோடு பெயர் வந்தால் அந்த ஆளுக்கும் பதிவு போய்விடும். "இதை எழுதினவன் தூங்கிக்கிட்டே எழுதியிருப்பான்" என்ற வரி, எழுதியவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. தமிழ் தெரியாதவர் என்று ஆறுதல்பட்டேன். மொழிபெயர்ப்புப் பட்டன் இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நீங்களே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தால் அதைப் பற்றி இந்த வழியில் பேசவே வேண்டாம், தனியாகவும்கூட. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் தனிப்பட்ட முறையில் பாதுகாப்புப் புகார் தரும் வசதியைப் பல திட்டங்கள் திறந்து வைத்திருக்கின்றன. யாரைப் பிடிப்பது என்றே தெரியாவிட்டால் இந்தியாவில் செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு இருக்கிறது.

இணைப்பு பகிர்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. பதிவில் இணைப்பு இருந்தால், பதிவு போய்ச் சேரும் ஒவ்வொரு சர்வரும் முன்னோட்டப் படத்துக்காக அந்தத் தளத்தைத் தனித்தனியாகத் தட்டும். பல சர்வர்களில் பின்தொடர்பவர்கள் உள்ள ஒருவர் பகிர்ந்தால், சின்னத் தளத்தின் மேல் கல்யாண மண்டபக் கூட்டம் பந்திக்கு ஓடியது மாதிரி விழும். 2024-ல் இட்ஸ் ஃபாஸ் என்ற லினக்ஸ் செய்தித் தளம், தங்கள் இணைப்புகளை மாஸ்டடானில் பகிர வேண்டாம் என்றே வாசகர்களைக் கேட்டுக்கொண்டது. ஒருவர் வீட்டில் 'ராஸ்பெரி பை' என்ற கையளவுக் கணினியில் ஓடும் பக்கம் என்று தெரிந்தால், சாரத்தை உங்கள் வார்த்தையில் எழுதி, அவருடைய கணக்கைக் காட்டிவிடுங்கள். உங்கள் சொந்தத் தளம் என்றால் முன்னால் ஒரு கேஷ் வையுங்கள், கதை முடிந்தது.

ஹேஷ்டேக் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டும். மாஸ்டடானில் முழுத் தேடல் 2023-ல்தான் வந்தது. அதிலும் சம்மதம் தந்தவர்களின் பொதுப் பதிவுகள்தான் கிடைக்கும். ஆங்கில ஹேஷ்டேக்கில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கிப் பிரித்துக் காட்டலாம்; தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போடுங்கள், ஸ்க்ரீன் ரீடர் ஒழுங்காகப் படிக்கும். பிழைச்செய்தியின் ஸ்க்ரீன்ஷாட் என்றால், அந்தப் பிழைச்செய்தியையே மாற்று உரையில் (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான விளக்கத்தில்) ஒட்டுங்கள். "எர்ரர்" என்று மட்டும் எழுதி யாருக்கும் பயனில்லை.

இன்னொன்று, கோபம். எக்ஸ்இசட்டை லாசெ கொலின் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் பராமரித்துவந்தார். 2022-ல் சில கணக்குகள் "ஏன் இவ்வளவு மெதுவு, வேறு ஆளைச் சேர்" என்று அவரை விடாமல் நச்சரித்தன. தன் மனநிலை சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் சொல்லியும் விடவில்லை. அந்த அழுத்தத்தின் நடுவில் உள்ளே வந்த உதவியாளர்தான் பின்கதவை வைத்தது. நச்சரித்த கணக்குகளும் அதே திட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று பலர் சந்தேகிக்கிறார்கள். விஷயம் வெளியான பிறகும் அவரையே குறிவைத்துத் திட்டியவர்களைப் பார்த்தேன். அடுத்த ஓட்டை வரும்போது அதை எழுதியவரின் பெயரை 'அட்' குறியோடு போட விரல் துடித்தால், திருத்தம் வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். வந்திருந்தால் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. வராவிட்டால் அவர் அதைத்தான் எழுதிக்கொண்டிருப்பார்.